எழுதியதைக் குறை சொல்லும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் கொசப்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில், மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலையில் பதினைந்து இருபது பேர் கூடி, எழுதியதை வாசித்துக் காட்டி, மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறோம். குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆற்காடு, சோளிங்கர் என்று பழைய வடாற்காடு மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். தோல் தொழிற்சாலையில் வேலை செய்பவர், செவிலியர், தறி நெய்பவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் எல்லாரும் அதில் உண்டு. நான் இருபத்தாறு ஆண்டுகள் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன். புதிதாக வருகிறவர்கள் முதல்முறை வாசித்துவிட்டு இறங்கும்போது படிக்கட்டில் நின்று என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

குறை சொல்லக் கேட்டதும் நெஞ்சு படபடக்கிறது, முகம் சுடுகிறது. எனக்கு எழுதும் தகுதி இல்லையா?

படபடப்புக்கும் தகுதிக்கும் சம்பந்தமில்லை. பல இரவுகள் விழித்திருந்து எழுதிய ஒன்றை, பத்துப் பேர் நடுவில் ஒருவர் ‘இந்த இடம் ஒட்டவில்லை’ என்று சொன்னால் உடம்பு கொதிக்கத்தான் செய்யும். நாற்பது வயதில் எனக்கு அப்படித்தான் இருந்தது, அறுபதைக் கடந்த பிறகும் அப்படித்தான் இருக்கிறது. அந்தச் சூடு தணிவதற்குள் எதையும் முடிவு செய்யாமல் இருக்கப் பழகிக்கொண்டேன், அவ்வளவுதான்.

எழுதியதை அவையின் முன் வைத்துக் கேட்கச் செய்வது நம் மொழியில் மிகப் பழைய வழக்கம் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவையில், அதங்கோட்டாசானுக்குக் குற்றமறத் தெரிவிக்கப்பட்டது என்று அதன் சிறப்புப் பாயிரமே சொல்கிறது. நூலைக் கேட்டு ஆராய்ந்தவரின் பெயர், நூலை எழுதியவரின் பெயரோடு முகப்பிலேயே நிற்கிறது. நம் மாடியில் நடப்பதும் அந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான் என்று நான் மனதார நம்புகிறேன்.

வாசித்து முடித்த உடனேயே பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்போது நான் என்ன பதில் சொல்ல வேண்டும்?

பதில் சொல்ல வேண்டாம், எழுதிக்கொள்ளுங்கள். யார் சொன்னார், எந்தப் பக்கத்தைப் பற்றிச் சொன்னார், என்ன சொல்லில் சொன்னார் என்ற மூன்றும் குறிப்பில் இருக்க வேண்டும். இவற்றில் மூன்றாவதைத்தான் எல்லாரும் தவறவிடுகிறார்கள். ஒருவர் ‘அந்த அம்மா இன்னாத்துக்கு அழுவுதுன்னே தெரியல’ என்று சொல்லியிருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். வீட்டுக்குப் போய் ‘பாத்திரப் படைப்பில் ஆழமில்லை என்றார்’ என்று உங்கள் சொல்லில் மாற்றி எழுதினீர்களானால், ஓர் அம்மா ஓரிடத்தில் அழுவதைப் பற்றிய சின்னக் கேள்வி, உங்கள் எழுத்து முழுவதின் மீதும் சொல்லப்பட்ட தீர்ப்பாகப் பெருத்துவிடும். அவர் சொன்ன சொல்லுக்கு மூன்று வரி சேர்த்தால் போதும். நீங்கள் மாற்றி எழுதிய சொல்லுக்கு மருந்தே கிடையாது.

‘நான் சொல்ல வந்தது என்னவென்றால்’ என்று தொடங்கும் விளக்கத்தை அடக்கிக்கொள்ளுங்கள். அச்சில் படிக்கப்போகிறவரின் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்து விளக்கப்போவதில்லை. விளக்கம் உண்மையிலேயே தேவைப்படுகிறது என்றால், அது போய்ச் சேர வேண்டிய இடம் கதைக்குள்தான் இருக்கிறது. குறிப்பேட்டை மூன்று நாளாவது திறக்காமல் வையுங்கள்.

‘போர் அடிக்குது’, ‘ஏதோ குறையுது’ என்று மட்டும் சொன்னால் அதை வைத்து என்ன செய்வது?

இது நான் மிக விரும்பும் கேள்வி, ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். வாசகர் இடறியிருக்கிறார், ஆனால் எதில் இடறினார் என்று சொல்ல அவருக்குச் சொல் கிடைக்கவில்லை. அந்தச் சொல்லைத் தேடிக் கண்டுபிடிப்பது எழுதியவரின் வேலை. அதற்கு நம்மிடம் நல்ல கருவி ஒன்று இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில் நூலுக்குரிய குற்றங்கள் பத்து சொல்லப்பட்டிருக்கின்றன: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோன இந்தப் பட்டியலை, மெய்ப்புத் திருத்தும் மேசைமேல் நான் பல ஆண்டுகள் ஒட்டி வைத்திருந்தேன். சாத்திர நூல்களை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை என்றாலும், சிறுகதைக்கும் கட்டுரைக்கும் இவை அப்படியே பொருந்துகின்றன.

ஒரு குறைக்குப் பெயர் கிடைத்துவிட்டால் அது நெஞ்சில் குத்திக்கொண்டிருப்பதை விட்டுவிட்டுக் கைக்கு வேலையாக மாறிவிடுகிறது. ‘போர்’ என்பதை வைத்துக்கொண்டு ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது. ஆனால் அந்தப் போர், கூறியது கூறலால் வந்ததா, மற்றொன்று விரித்தலால் வந்ததா, சொல்லடுக்கு மட்டும் இருந்து பொருள் இல்லாத வெற்றெனத் தொடுத்தலால் வந்ததா என்று பிரித்துவிட்டால், முதலாவதற்கு இரண்டில் ஒன்றை அடிக்க வேண்டும், இரண்டாவதற்குத் தலைப்பை விட்டு விலகிய பத்தியை எடுக்க வேண்டும், மூன்றாவதற்கு அந்தப் பத்தியையே மறுபடி யோசிக்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். 2022இல் பாலாற்றைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தேன். ‘நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில்’ என்று வேலூரைப் பற்றி வழங்கும் பழைய வாசகத்தில் தொடங்கி, நந்தி மலையில் ஆறு பிறப்பது, அணைகள், மணல் கொள்ளை, தோல் கழிவு என்று நான்கு பக்கம் போய், ஐந்தாம் பக்கத்தில் என் பாட்டி ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கலங்கல் தெளியும்வரை குத்துக்காலிட்டுக் காத்திருந்து, கொட்டாங்கச்சியால் மொண்டு பித்தளைக் குடத்தில் ஊற்றும் காட்சி வரும். கல்லூரி படிக்கும் தம்பி ஒருவர், ‘அஞ்சாவது பக்கம் வர்ற வரைக்கும் போர்ணா’ என்றார். சத்துவாச்சாரியிலிருந்து வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை வேறொன்று சொன்னார்: “ஜலகண்டேஸ்வரர் 1981லேயே கோட்டைக்குள்ள திரும்ப வந்துட்டாரு, எங்க ஊர்ல இருந்துதான் கொண்டுபோனாங்க. ஆறும் போன நவம்பர்ல ரெண்டு கரையும் தொட்டுக்கினு ஓடுனதப் பாலத்து மேல நின்னு எல்லாரும் பார்த்தோம். அப்புறமும் எதுக்கு சார் அந்தப் பழைய வாசகம்?”

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. நான்காம் நாள் குறிப்பேட்டைத் திறந்து, பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். தம்பி சொன்னது மற்றொன்று விரித்தல்; கட்டுரை பாட்டியைப் பற்றியது, நான் ஆற்றின் வரலாற்றை விரித்திருந்தேன். ஆசிரியை சொன்னது நின்று பயனின்மை; ஓசை அழகுக்காக நான் வைத்திருந்த அந்த வாசகம் இன்றைய வேலூரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நான்கு பக்கத்தை ஒன்றேகால் பக்கமாக்கி, ஊற்றில் தொடங்கினேன். அணைகளைப் பற்றிய செய்தி, பாட்டி ‘முன்னல்லாம் முழங்கை ஆழத்துல தண்ணி வரும்’ என்று சொல்லும் இடத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது.

கதைதானே, தகவல் பிழைக்கு இவ்வளவு கண்டிப்பு வேண்டுமா?

வேண்டும். ஓர் ஆசிரியர் தோல் தொழிற்சாலையில் ஓர் இளைஞனின் முதல் நாளைப் பற்றி எழுதியிருந்தார். லாரியிலிருந்து இறக்கிய பச்சைத் தோல்கள் நீலமாக மின்னின என்று ஒரு வரி. நடை நன்றாக இருந்ததால் யாருக்கும் உறுத்தவில்லை. பேரணாம்பட்டில் தோல் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் மட்டும் கையைத் தூக்கினார். “லாரியில வர்றது உப்புத் தோலு சார், முடியோட இருக்கும். ஊறவெச்சு, சுண்ணாம்புல போட்டு, முடி எடுத்து, சவ்வு எடுத்து, டிரம்முல குரோம் ஏறின பிறகுதான் அது நீலமாவும்” என்றார். எழுதியவர் முதலில் கேட்ட கேள்விதான் மேலே இருப்பது.

அவர் ஒரு வாரம் கழித்து அந்த அண்ணனோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதிய வடிவத்தில், முடிக்குள் ஒட்டியிருக்கும் உப்புக் கற்களும், தோலைத் தூக்கும்போது விரலில் இருந்த பழைய வெட்டுக்காயத்தில் அந்த உப்பு இறங்கி எரிவதும், எரிச்சலை மேஸ்திரிக்குக் காட்டாமல் அவன் கையைத் தொடையில் துடைத்துக்கொள்வதும் வந்திருந்தன. நீலமாக மின்னிய வரி போனதால் கதைக்கு இழப்பு எதுவும் இல்லை. அந்தத் தொழிலில் இருப்பவர் ஒருவர் நம் எழுத்தைக் கேட்டுவிட்டு ‘இது இப்படி இல்லை’ என்று சொல்வதைவிடப் பெரிய உதவி எழுதுகிறவருக்கு வேறில்லை.

எங்கள் ஊர்ப் பேச்சை ‘சென்னைப் பாஷை’, ‘கொச்சை’ என்று சொல்லித் திருத்தச் சொல்கிறார்கள். மாற்ற வேண்டுமா?

அந்தக் காரணத்துக்காக மாற்றாதீர்கள். ‘இன்னா’வும் ‘வந்துக்கினு’வும் ‘பூடுச்சு’ம் ‘நைனா’வும் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பேசப்படுபவை. கோவைப் பேச்சையும் நெல்லைப் பேச்சையும் மண்வாசனை என்று கொண்டாடும் வாசகர்கள், வடாற்காட்டுப் பேச்சை மட்டும் நகைச்சுவைப் பாத்திரத்தின் வாயில் எதிர்பார்ப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. பேரன் செத்த வீட்டில் ஒரு கிழவி ‘போயிக்கினே இருந்துட்டானே’ என்று அழுதால் அதில் சிரிக்க எதுவுமில்லை. எழுதுகிற நாம்தான் அதை எழுதி எழுதிப் பழக்க வேண்டும்.

ஆனால் இன்னொரு குறையும் அதே மூச்சில் வரலாம், அதைச் சேர்த்துத் தள்ளிவிடக் கூடாது. மூன்றாம் பக்கத்தில் ‘வந்துக்கினு’ என்று பேசிய பெண் ஏழாம் பக்கத்தில் ‘வந்துகிட்டு’ என்று பேசுகிறாள் என்றால், அது மாறுகொளக் கூறல். மெய்ப்புத் திருத்தும்போது நான் மிக அதிகமாகக் கண்ட பிழை இதுதான். அவள் பேசும் வரிகளை மட்டும் வரிசையாக உரக்கப் படித்துப் பாருங்கள். வேற்றூர்க்காரி யார் என்று காதே சொல்லிவிடும்.

இரண்டு பேர் நேர் எதிராகச் சொன்னால் யார் பேச்சைக் கேட்பது?

இருவரும் எந்த இடத்தைத் தொட்டார்கள் என்று பாருங்கள். எங்களில் ஒரு செவிலியர், வங்காளத்திலிருந்து சிகிச்சைக்காக வேலூருக்கு வந்து, விடுதி அறையிலும் மருத்துவமனை வராந்தாவிலும் மாதக்கணக்கில் காத்திருக்கும் வயதான தம்பதியைப் பற்றிக் கதை எழுதினார். இரவுப் பணியில் இருக்கும் செவிலியின் கண் வழியாகக் கதை போகும். நடுவில் அவளுக்கு வீட்டிலிருந்து கைப்பேசி அழைப்பு வரும், மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று. ஒருவர், ‘செவிலியின் வீட்டுக் கதையை இன்னும் சொல்லுங்கள்’ என்றார். இன்னொருவர், ‘அவள் வீட்டுக் கதையே வேண்டாம், எடுத்துவிடுங்கள்’ என்றார். வைத்தியம் வேறு வேறாக இருந்தாலும் இருவரும் விரல் வைத்தது அந்த அழைப்பின் மேல்தான். கதை எழுதியவர் ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. அழைப்பை இரண்டு பக்கம் முன்னால் கொண்டுபோய், தம்பதியைச் சந்திப்பதற்கு முன்பே வரவைத்தார். அடுத்த மாதம் இருவருக்கும் அந்த இடம் உறுத்தவில்லை.

வாசகர் ‘இங்கே வலிக்கிறது’ என்று சொன்னால் நம்புங்கள். ‘இந்த மாத்திரையைப் போடு’ என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நீங்களே யோசியுங்கள்.

வீட்டாரும் ஊராரும் ‘எங்களைத்தான் எழுதிவிட்டாய்’ என்று கோபித்துக்கொள்கிறார்கள். அதுவும் விமர்சனமா?

அது மனத்தாங்கல், அதற்கு வேறு நியாயம் உண்டு. அதைக் கொண்டு கதையின் அமைப்பைத் திருத்த முடியாது, ஆனால் அலட்சியம் செய்யவும் கூடாது. ஒருவரின் நோய், கடன், திருமண முறிவு போன்றவை அடையாளம் தெரியும்படி வந்திருந்தால், தொழிலையும் தெருவையும் உறவையும் மாற்றி எழுதுங்கள். பெயரை மட்டும் மாற்றினால் போதாது, குடியாத்தம் போன்ற ஊரில் இரண்டு விவரம் சேர்ந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நேரில் போய் வருத்தம் தெரிவிப்பதில் குறைவொன்றும் இல்லை. உங்கள் அத்தையின் உறவு ஒரு கதையைவிடப் பெரியதா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். நான் ஒருமுறை கதையை அச்சுக்குத் தராமல் வைத்துக்கொண்டேன், அதில் எனக்கு வருத்தமில்லை.

பத்திரிகை காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பிவிட்டது. அதிலிருந்து எதைக் கற்றுக்கொள்வது?

எதையும் கற்றுக்கொள்ள முடியாது. இடமின்மை, ஏற்கெனவே அதே பொருளில் கதை இருந்தமை, ஆசிரியரின் விருப்பம் என்று எத்தனையோ இருக்கலாம். இல்லாத காரணத்தைக் கற்பனை செய்துகொண்டு நல்ல பத்திகளை அடித்துவிடாதீர்கள். அடுத்த இதழுக்கு அனுப்புங்கள்.

சாதியையும் படிப்பையும் பெண் என்பதையும் சொல்லி இழிவாகப் பேசினால் அதையும் எழுதிக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். பக்க எண்ணைச் சுட்ட முடியாத பேச்சு எழுத்தைப் பற்றியது ஆகாது. எங்கள் மாடியில் அப்படி ஒருவர் பேசினால் வாசிப்பை அங்கேயே நிறுத்திவிட்டு அவரை வெளியேறச் சொல்கிறோம். இரண்டு முறை அப்படி நடந்திருக்கிறது. அந்த நேரத்தில் வாசித்தவரை எழுந்து பதில் சொல்லவிடாமல், மற்றவர்கள் பேச வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அந்தச் சுமையையும் அவர் தலையில் வைப்பது நியாயமில்லை.

என் முறை வரும்போது நான் மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வது? மனம் நோகாமல் சொல்லத் தெரியவில்லை.

நம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து விடிய விடிய நடந்து முடிந்ததும், ஒப்பனை கலைத்துக்கொண்டிருக்கும் வேஷக்காரரிடம் பெரியவர் ஒருவர் வந்து உட்காருவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். முதலில் தேநீர் வாங்கித் தருவார். பிறகு, ‘சபைக்கு வர்ற விருத்தம் கணீர்னு இருந்துச்சுப்பா. விடியக்காலத்துப் பாட்டுலதான் குரல் இறங்கிப்போச்சு, முன்னாடியே கொஞ்சம் அடக்கிப் பாடியிருக்கலாம்’ என்பார். எந்த இடம் நன்றாக இருந்தது, எந்த இடம் விழுந்தது, ஏன் விழுந்திருக்கும் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. இரவு முழுக்கக் கண் விழித்துக் கேட்டவருக்குத்தான் அப்படிச் சொல்ல முடியும்.

ஆகவே முழுவதும் கேளுங்கள். ‘நல்லா இருக்கு’ என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். ஒரு மாத உழைப்போடு பேரணாம்பட்டிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்தவருக்கு அது நாம் செய்யும் அநீதி. நீங்கள் எங்கே கவனம் சிதறினீர்கள் என்பதை, அந்த வரியைப் படித்துக் காட்டியே சொல்லுங்கள். ‘இப்படி எழுதியிருந்தால்’ என்று உங்கள் கதையை அங்கே எழுதிக் காட்ட வேண்டாம்.

எத்தனை முறை திருத்துவது? முடிவே இல்லாமல் போகிறதே?

என் அனுபவத்தில் மூன்றாம் திருத்தத்துக்குமேல், எடுத்த காற்புள்ளியைத் திரும்ப வைக்க ஆரம்பிக்கிறோம். குறிப்பேட்டில் எழுதிய ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘திருத்தினேன்’ அல்லது ‘இப்படியே இருக்கட்டும்’ என்று எழுதுங்கள். இரண்டாவதாக எழுதினால் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஏதாவது ஒன்று எழுதி முடித்ததும் அனுப்பிவிடலாம். ‘இப்படியே இருக்கட்டும்’ என்பது ஒன்றிரண்டாவது இல்லையென்றால், சொன்னவர்களுக்கெல்லாம் தலையாட்டிவிட்டீர்கள் என்று பொருள், மறுபடி பாருங்கள்.

முதல்முறை வாசிக்க வருகிறேன். என்ன கொண்டுவர வேண்டும்?

ஏழெட்டுப் பக்கத்துக்கு மிகாத ஒன்றை, பக்க எண் போட்டு, வரிகளுக்கு நடுவே இடம் விட்டு, ஐந்து பிரதி எடுத்து வாருங்கள். மற்றவர்கள் பகிர்ந்து படித்துக்கொள்வார்கள். குறிப்பேடும் பேனாவும் அவசியம். கோடையில் மாடித் தரை ஆறு மணிவரை சுடும், ஆகவே ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் ஆறரைக்குத்தான் தொடங்குகிறோம். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் வந்தவுடன் சொல்லிவிட்டால் அவர்களை முதலில் வாசிக்கச் சொல்கிறோம்.